எடை எந்தக் காலில்? மனித உருவம் வரையக் கற்ற அனுபவம்

மனித உருவம் வரையக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முகத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கண், மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாக முடித்துக் கழுத்துக்கு இறங்குவதற்குள் தாளில் இடம் தீர்ந்துவிடும். முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்காது. எங்கள் ஆசிரியர் இதைத் திருத்த நீண்ட விளக்கமெல்லாம் கொடுக்கவில்லை. வரைவதற்காக அசையாமல் நிற்கும் மாடல் மேடையில் வந்து நின்றதும், யாரும் சார்கோலை (வரையும் கரிக்குச்சியை) தாளில் வைப்பதற்கு முன்பே, "எடை எந்தக் காலில் இருக்கு? அதைச் சொல்லிட்டு வரை" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் லைஃப் டிராயிங் (மாடலை நேரில் பார்த்து வரைவது) என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன். அனாடமி, அதாவது உடற்கூறு, படிப்பதும் அந்தப் பதிலுக்காகத்தான்.

யாரும் இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு வெகுநேரம் நிற்பதில்லை. ஒரு கால் தாங்கும், இன்னொன்று ஓய்வெடுக்கும். தாங்கும் காலின் பக்கம் இடுப்பு மேலே ஏறும். ஓய்வெடுக்கும் காலின் முழங்கால் சற்று மடங்கி முன்னால் வரும். இடுப்பு ஏறிய அதே பக்கத்தில் தோள் கீழே இறங்கும். இந்த இரண்டு எதிரெதிர்ச் சாய்வுகளையும் சமாளிக்க முதுகெலும்பு நடுவில் வளையும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பாலிகிளைட்டஸ் செய்த ஈட்டி ஏந்திய வீரனிலும் இந்த நிலைதான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் நாம் பார்க்கும் திரிபங்க நிலையிலும் இடுப்பும் மார்பும் தலையும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, எடை ஒரு காலில் இறங்குகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு நூலும் அதன் முனையில் கட்டிய சின்ன எடையும் போதும். கழுத்தின் அடியில், தோளுக்குப் போகும் இரண்டு காறை எலும்புகளுக்கு நடுவே ஒரு குழி இருக்கிறது. நூலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்தக் குழியிலிருந்து நேர்க்கீழே எது வருகிறது என்று பாருங்கள். ஒரு காலில் நிற்கிற உருவத்தில் அந்தக் கோடு தாங்கும் காலின் உள் கணுக்கால் பக்கமாக விழும். இரண்டு காலிலும் நின்றால் பாதங்களுக்கு நடுவே விழும். உங்கள் படத்தில் அது வேறெங்காவது விழுந்தால், ஷேடிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் உருவம் விழப்போவது போலவே தெரியும். இந்த ஒரு கோடு எத்தனையோ படங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒவ்வொரு வகுப்பும் குறுகிய போஸ்களில்தான் தொடங்கும்: 30 வினாடி, 1 நிமிடம், 2 நிமிடம். அதற்குள் என்ன வரைய முடியும் என்று புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். வெளிக்கோட்டைப் பிடிக்க முயன்றால் ஒன்றும் முடியாது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, விலாக்கூடு எந்தப் பக்கம், இடுப்பு எந்தப் பக்கம், தாங்கும் கால் எது என்று பார்த்தால் 30 வினாடி தாராளம். தலை, விலாக்கூடு, இடுப்பு ஆகிய மூன்றும் தனக்குள் வளையாத திடமான பகுதிகள். அவற்றுக்கு நடுவே இருக்கும் கழுத்தும் வயிறும்தான் வளைகின்றன, திருகுகின்றன. ஒரு பக்க வயிறு மடிந்தால் மறுபக்கம் இழுபட்டு நீளும். மடிகிற பக்கத்தையும் நீள்கிற பக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டால் போஸ் கையில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

குறுகிய போஸுக்கு லேசான சார்கோல் குச்சிதான் நல்லது. விரலால் தேய்த்தாலே போய்விடும் என்பதால் கோடு தப்பாகிவிடுமோ என்ற பயம் இருக்காது. பென்சிலைக் கையில் எடுத்தால் விரல்கள் தானாகவே சின்னச் சின்னக் கோடுகளுக்குப் போய்விடுகின்றன. முழுக்கை அசைய வேண்டும், தோளிலிருந்து கோடு வர வேண்டும். தாளை ஈசலில் (ஓவியச் சட்டத்தில்) நிமிர்த்தி வைப்பதற்கும் காரணம் உண்டு. மேசையில் படுக்கவைத்து வரைந்தால் தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தள்ளிப்போய்க் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே தலையையும் தோளையும் நீட்டி வரைந்துவிடும். எடுத்து நிமிர்த்திப் பார்த்தால்தான் அது தெரியும்.

சரி, அனாடமிக்கு வருவோம். மனித உடம்பில் 600க்கும் மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையைக் கேட்டதுமே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வரைகிறவருக்கு முதலில் தேவை தசைகள் அல்ல. தோலுக்கு மிக அருகில் எலும்பு வந்து நிற்கும் இடங்கள் தேவை. கழுத்துக்குழி, காறை எலும்பு, தோள்முனை, மார்பெலும்பின் கீழ்நுனி, விலாக்கூட்டின் கீழ்விளிம்பு, இடுப்பெலும்பின் முன் இரண்டு முனைகள், முழங்கால் சில்லு, கணுக்கால்கள். பின்பக்கம் போனால், தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் முள்ளெலும்பு, தோள்பட்டை எலும்பின் விளிம்புகள், இடுப்பின் கீழே முதுகெலும்புக்கு இருபுறமும் விழும் இரண்டு குழிகள், முழங்கை. ஒல்லியானவர், பருத்தவர், வயதானவர் என்று யார் வந்து நின்றாலும் இவை இருக்கும். இந்தப் புள்ளிகளைத் தாளில் சரியான இடத்தில் வைத்துவிட்டால் நடுவில் வருகிற சதையை யோசித்தே வரைந்துவிடலாம்.

ஒரே எலும்பு எல்லோரிடமும் மேடாகத் தெரியாது என்பதைத்தான் புத்தகத்தில் மட்டும் படிப்பவர்கள் எதிர்பார்ப்பதில்லை. ஒல்லியான உடம்பில் எலும்பு துருத்தும் இடம், தசையோ கொழுப்போ மிகுந்த உடம்பில் பள்ளமாகிவிடும். எலும்பின் மேல் சதை இல்லை, சுற்றிலும் சதை உயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். குழந்தையின் முழங்கையிலும் புறங்கை விரல் மூட்டுகளிலும் குழி விழுவது இப்படித்தான். பருத்த உடல்வாகுள்ள ஒரு மாடல் வந்த நாளில் எங்களில் பலர் "எலும்பே தெரியலையே சார்" என்றோம். ஆசிரியர் குழிகளைத் தேடச் சொன்னார். தேடியதும் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அன்று வரைந்த உருவங்களில் இருந்த கனமும் உறுதியும் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

எலும்பைப் படிக்கச் சிறந்த புத்தகம் சொந்த உடம்பு. மாடலைத் தொடக்கூடாது என்பது எல்லா வகுப்பிலும் விதி. நம் உடம்பை நாமே தொட்டுப் பார்க்கலாமே. முழங்கை முனையில் விரலை வைத்து, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டே போங்கள். விரலுக்கடியில் ஒரே எலும்பு தொடர்ச்சியாக வரும். இப்போது உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். முழங்கையில் அந்த எலும்பு அப்படியே நிற்கும். கட்டைவிரல் பக்க எலும்புதான் அதன்மேல் குறுக்காக உருண்டு வரும். உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டு எலும்புகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கும், கவிழ்த்தால் ஒன்றையொன்று கடக்கும். முன்கையின் வடிவம் ஒரு போஸுக்கு ஒரு மாதிரி மாறி எங்களைக் குழப்பிக்கொண்டிருந்ததற்கு விடை இதுதான். அதற்குப் பிறகு எந்தக் கையை வரைந்தாலும் முதலில் கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன், அடுத்து முழங்கை முனையைத் தேடுகிறேன், கடைசியில் வெளிக்கோடு.

தோள்தான் இன்னும் ஆழமான விஷயம். கையை உடம்போடு எலும்பாக இணைப்பது காறை எலும்பு மட்டுமே. அது கழுத்துக்குழியருகே மார்பெலும்போடு சேருகிறது. தோள்பட்டை எலும்புக்கும் விலாக்கூட்டுக்கும் எலும்பு இணைப்பே கிடையாது. தசைகளால் பிடிக்கப்பட்டு விலாவின் முதுகுப்புறத்தில் வழுக்கி நகர்கிறது. கையைத் தொங்கவிட்ட நிலையிலிருந்து பக்கவாட்டில் தலைக்கு மேல் தூக்கினால் 180 பாகை. அதில் ஏறக்குறைய 120 பாகை தோள்மூட்டில் நடக்கிறது, மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. எண்ணாகப் படித்தால் இது மனதில் நிற்காது. ஒருநாள் ஓய்வு நேரம் முடிந்ததும் எங்கள் மாடல் தானாகவே முன்வந்து, முதுகைக் காட்டி நின்று வலக்கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். முதலில் கொஞ்ச நேரம் கை மட்டும்தான் அசைந்தது. பிறகு தோள்பட்டை எலும்பின் கீழ்முனை முதுகெலும்பை விட்டு விலகத் தொடங்கியது. கை காதருகே போனபோது அந்த முனை அக்குளுக்குக் கீழே, விலாவின் பக்கவாட்டில் தோலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. இறக்கும்போது அதே வழியில் திரும்பிப் போனது. திரும்பத் திரும்பச் செய்துகாட்டினார். பக்கத்தில் இருந்த தோழி வரைவதையே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிய உருவத்தில் தோளை அதே இடத்தில் வைத்துக் கையை மட்டும் மேலே ஒட்டவைத்தால் ஏன் பொம்மை போல இருக்கிறது என்பது அன்று புரிந்தது. கை உயரும்போது காறை எலும்பின் வெளிமுனையும் உயர வேண்டும், மார்புத்தசையும் மேலே இழுபட வேண்டும்.

காலில் கவனிக்க வேண்டியது உள்பக்கமும் வெளிப்பக்கமும் சமமாக இல்லாதது. உள் கணுக்கால் எலும்பு உயரத்தில் இருக்கும், வெளிப்பக்கத்தது தாழ்வாக இருக்கும். கெண்டைக்கால் தசையில் நேரெதிர்: வெளிப்பக்கப் புடைப்பு உயரத்தில், உள்பக்கப் புடைப்பு அதைவிடத் தாழ்வாக. தொடை எலும்பு இடுப்பிலிருந்து முழங்காலுக்கு உள்நோக்கிச் சாய்ந்து வருகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புடைத்த தூணாக வராது.

கையும் பாதமும் எல்லோரையும் பயமுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளில் ஒரு கைக்கு 27, ஒரு பாதத்துக்கு 26, இரண்டு கையையும் இரண்டு பாதத்தையும் கூட்டினால் 106. பாதிக்கும் மேல் அங்கேதான். ஆனால் விரல்களுக்குள் விரலை மடக்கும் தசை எதுவும் கிடையாது. மடக்கி நீட்டும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன, விரலுக்கு வருவது தசைநார்கள்தான். ஆகவே விரலின் மேல்பக்கம் எலும்பும் நாருமாக இறுக்கமாக இருக்கும், உள்பக்கம் மெத்தென்று இருக்கும். விரல்களைத் தனித்தனியாக எண்ணி வரைவதற்குப் பதில், கட்டைவிரலை ஒரு கூட்டமாகவும் மற்ற நான்கையும் சேர்த்து ஒரு கூட்டமாகவும் முதலில் போட்டுக்கொள்வது எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது.

அளவுகளைப் பற்றிக் கொஞ்சம். சராசரி உயரமுள்ளவர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். கம்பீரமாகக் காட்ட எட்டுத் தலை அளவைப் பயன்படுத்துவார்கள். நம் சிற்ப மரபில் முக நீளத்தைத் தாளம் என்று கொண்டு நவதாளம், தசதாளம் என்று உருவத்துக்கேற்ப வகுத்திருக்கிறார்கள். நிற்கும் உடம்பின் நடுப்புள்ளி தொப்புள் அல்ல, அதற்கும் கீழே, இடுப்பெலும்பின் முன்பகுதி சேரும் இடம். கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன. நெற்றியைக் குறைத்து வரைவது அவ்வளவு பரவலான பழக்கம் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தலை உடம்பில் கால்வாசி. இந்த அளவுகளெல்லாம் நேராக நிற்கும் உருவத்துக்கு மட்டும்தான். மாடல் உட்கார்ந்ததும், அதிலும் முழங்கால் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு இருந்தால், மனப்பாடம் செய்த அளவு எதுவும் செல்லாது. அப்போது பென்சிலைப் பிடித்துக் கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, தலையின் உயரத்தோடு தொடையின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. தொடை ஒரு தலை உயரம்கூட வராது. நம்ப முடியாமல்தான் இருக்கும். பென்சிலை நம்புங்கள்.

உடற்கூறும் ஓவியமும் சேர்ந்து நடந்த வரலாறு பெரியது. லியோனார்டோ டா வின்சி உடல்களை அறுத்துப் பார்த்து வரைந்தார். 1543இல் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூறு நூலில், தோல் நீக்கிய மனிதர்கள் ஒரு நிலக்காட்சியின் நடுவே போஸ் கொடுத்து நிற்கிறார்கள். மருத்துவர்களுக்காக வந்த அந்தப் படங்களை ஓவியர்களும் படித்தார்கள். 1767இல் பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் செய்த தோலுரித்த மனித உருவத்தின் பிளாஸ்டர் பிரதிகள் ஓவியப் பள்ளிகளுக்கெல்லாம் போயின. எனக்கு இந்த வரலாற்றில் மனதை விட்டு அகலாதது வேறொன்று. 1768இல் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலை அமைப்பு தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். உறுப்பினர்கள் ஆடையற்ற மாடலைச் சுற்றிக் கூடியிருப்பதாக ஓவியர் ஜோஃபனி ஒரு ஓவியம் வரைந்தபோது அந்த இருவரையும் அறைக்குள் காட்ட முடியவில்லை; சுவரில் மாட்டிய முகப்படங்களாக மட்டும் வைத்தார். அந்த அகாடமியின் பெண் மாணவர்களுக்கு ஓரளவு ஆடை போர்த்திய மாடலை வரைய அனுமதி கிடைத்ததே 1893இல்தான். ஒரு பெண்ணாக ஈசலுக்கு முன்னால் நிற்கும்போது அந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளை நான் நினைக்காமல் இருப்பதில்லை.

மாடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அசையாமல் நிற்பது கடினமான வேலை. நீண்ட போஸில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுப்பது பரவலான வழக்கம். திரும்ப அதே இடத்தில் நிற்க வசதியாகப் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸாலோ டேப்பாலோ குறித்துக்கொள்வார்கள். புகைப்படம் எடுக்கக்கூடாது, உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது, ஓய்வு நேரத்தில் அங்கியை அணிந்த பிறகுதான் பேச்சு. இது மரியாதை மட்டுமல்ல, மாடல் நிம்மதியாக இருந்தால்தான் போஸ் இயல்பாக வரும். போஸ் எடுத்த முதல் சில நிமிடங்களில் உடம்பு கொஞ்சம் அமரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தோள் இறங்கும், தாங்கும் பக்கத்து இடுப்பு இன்னும் வெளியே தள்ளும், தலை தாழும். ஆகவே முதலில் சாய்வுகளை லேசாகக் குறித்து வைத்து, உடம்பு அமர்ந்த பிறகு ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் அழுத்தமான கோடு போடுகிறேன். அதற்குப்பின் சின்னச் சின்ன அசைவுகளைத் துரத்துவதில்லை.

தசைகளைப் படித்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: தெரிந்த தசையெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். லியோனார்டோ தன் குறிப்புகளிலேயே இதைக் கண்டித்திருக்கிறார். எல்லாத் தசையையும் காட்டும் உருவம் அக்ரூட் கொட்டைகள் நிரம்பிய மூட்டையாகிவிடும் என்கிறார். உடம்பில் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. தலையை வலப்பக்கம் திருப்பினால், இடக்காதின் பின்னாலிருந்து கழுத்துக்குழிக்கு வரும் தசைதான் கயிறாக எழும்பும், வலப்பக்கத்தது அடங்கியிருக்கும். ஒரு காலில் நிற்கும்போது தாங்கும் பக்கத்துப் பிட்டம் இறுகியிருக்கும், மறுபக்கம் தளர்ந்து தொங்கும். இறுக்கமான இடத்தில் கூர்மையான விளிம்பு, தளர்ந்த இடத்தில் மங்கிய விளிம்பு என்று வைத்தாலே படம் பேசும். மைக்கலாஞ்சலோ, வாடிகனின் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் வரைந்த லிபியத் தீர்க்கதரிசினிக்காகச் சிவப்புச் சாக்கில் வரைந்த ஆய்வுத்தாளில், முதுகை அவ்வளவு நுணுக்கமாக முடித்தவர், அதே தாளின் ஓரத்தில் இடது பாதத்தின் பெருவிரலை மறுபடி மறுபடி வரைந்து பார்த்திருக்கிறார். உருவத்தின் கனம் அந்த விரலில்தான் இறங்குகிறது.

மாடல் கிடைக்காத நாட்களுக்கு இரண்டு பயிற்சிகளைச் சொல்கிறேன். ஒன்று, வகுப்பில் வரைந்த படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து, எதையும் பார்க்காமல் உள்ளே எலும்புக்கூட்டை வரைவது. முதலில் மேலே சொன்ன புள்ளிகள், பிறகு விலாக்கூடும் இடுப்பும், கடைசியில் கைகால் எலும்புகள். முடித்த பிறகு நல்ல அனாடமி படத்தோடு ஒப்பிட்டால், எந்த இடத்தில் ஊகத்தில் ஓட்டியிருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும். அந்த இடத்தை மட்டும் அன்றைக்குப் படித்தால் போதும். மற்றொன்று, போஸ் முடிந்து வீடு திரும்பியதும் அதையே நினைவிலிருந்து வரைவது. புகைப்படத்தைப் பார்த்து வரைவதைவிட இது எவ்வளவோ மேல். அருகில் வைத்து எடுத்த புகைப்படத்தில் கிட்ட இருக்கும் உறுப்பு பெருத்துவிடும். மறுபக்கம் போய் எலும்பு எங்கே போகிறது என்று பார்க்கவும் முடியாது. நினைவிலிருந்து வரையும்போது கை எந்த இடத்தில் தயங்குகிறதோ, அதுதான் அடுத்த வகுப்புக்கு எடுத்துப்போக வேண்டிய கேள்வி. இப்போது என்னிடம் இருக்கும் கேள்வி, கையைப் பின்னால் மடக்கி முதுகில் வைக்கும்போது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு எவ்வளவு தூரம் விலாவை விட்டு எழும்புகிறது என்பது. அடுத்த முறை முன்வரிசையில் இடம் தேடாமல் மாடலின் பின்னால் ஈசலைப் போடப் போகிறேன்.